ஓடப் போகிறேன்: தமிழ்வழி ஸ்பானியம்

நுழையும்முன்

பிறமொழி கற்றல் என்றவுடன் அகராதியும் ஆங்கில விளக்கமுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. அவற்றுக்கு முன்பே கற்போரிடம் ஒரு கருவி இருக்கிறது. அது தாய்மொழியின் இலக்கணம். உடற்பயிற்சித் திட்டங்களைப் பற்றி ஸ்பானிய மொழியில் உரையாடும் எளிய தொடர்கள் சிலவற்றைக் கொண்டு, தமிழ் இலக்கண அறிவு பிறமொழிக் கல்விக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஞாயிறு காலையில் ஒரு நகரம்

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட முதன்மைச் சாலைகளில் உந்து வண்டிகள் செல்வதில்லை. அச்சாலைகள் நடப்போர், ஓடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர் ஆகியோருக்கு உரியனவாகின்றன. 1974ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கத்தைச் ‘சிக்லோபீயா’ என்பர். ‘மிதிவண்டி வழி’ என்பது அதன் பொருள். பூங்காக்களில் கட்டணமின்றி உடற்பயிற்சி வகுப்புகளும் நடைபெறுகின்றன.

அத்தகைய நகரில் சனிக்கிழமை மாலைப் பேச்சு பெரும்பாலும் மறுநாளைய திட்டமாகவே அமைவது இயல்பு. “நாளை என்ன செய்யப் போகிறாய்?”, “எத்தனை மணிக்கு?”, “நானும் வரலாமா?”, “எனக்குக் கால் வலிக்கிறது” என்பன போன்ற சிறு தொடர்களே அப்பேச்சில் இடம்பெறுகின்றன. இத்தொடர்களைப் பேசத் தெரிந்தவர் ஸ்பானிய மொழியின் அன்றாட இலக்கணத்தில் பெரும்பகுதியைக் கற்றவராகிறார். காலம், இடம், எண், விருப்பம், கடமை, உறுதி ஆகிய அனைத்தும் ஒரு திட்டத்தைச் சொல்லும்போது தேவைப்படுகின்றன.

இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடிப்பேர். இம்மொழியைக் கற்க விரும்பும் தமிழ் மாணவர் பலர், ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்ற பின்னரே அது இயலும் எனக் கருதித் தயங்குகின்றனர். அத்தயக்கம் தேவையற்றது என்பதைக் கீழ்வரும் ஒப்பீடுகள் உணர்த்தும்.

ஒலிகளில் ஓர் உறவு

ஸ்பானிய மொழியின் தகர ஒலி, நாவின் நுனி மேற்பல்லைத் தொடுவதால் பிறக்கிறது. தமிழ்த் தகரமும் அவ்வாறே பிறக்கிறது. ஆகவே மிதிவண்டியைக் குறிக்கும் சொல்லைப் ‘பிசிக்லேத்தா’ எனத் தகரமாக ஒலித்தல் வேண்டும். ‘பிசிக்லேட்டா’ என டகரமாக ஒலித்தல் பிழையாகும். ‘நாளை’ என்பதற்குரிய ‘மஞானா’ என்னும் சொல்லில் வரும் மெல்லொலி தமிழின் ஞகரமே. ஆங்கிலத்தில் அதற்கெனத் தனி எழுத்து இல்லை, ஸ்பானியத்தில் உண்டு, தமிழிலும் உண்டு.

தமிழில் ‘பல்’, ‘கோபம்’ என்னும் சொற்களில் பகரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. உயிர்களுக்கு இடையில் வரும்போது அது மென்மை பெறுகிறது. ஸ்பானியத்திலும் இதனையொத்த மென்மையாக்கம் உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். ‘அம்பு’ என்பதில் கேட்கும் அதிர்வுடைய பகரம் தமிழ்ச் சொற்களின் முதலில் வருவதில்லை, ஸ்பானியத்தில் வரும். இப்பாடத்தில் வரும் போய், பாஸ், பா, பாமோஸ், பான், பிசிக்லேத்தா ஆகிய சொற்களின் முதல் ஒலி அவ்வாறு அதிர்வுடையது. ‘பார்க்கே’, ‘பியெர்னாஸ்’ ஆகியவற்றின் முதல் ஒலி ‘பல்’ என்பதிலுள்ள பகரமாகும். எழுத்து வடிவம் வழிகாட்டும், செவியே முடிவுசெய்யும். ஆதலின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகுதல் இன்றியமையாதது.

வினைமுற்றே தொடராதல்

‘ஓடுகிறேன்’ என்னும் ஒரு சொல்லே தமிழில் முழுத்தொடராகும். ‘ஏன்’ என்னும் விகுதி, எழுவாய் தன்மை ஒருமை என்பதை உணர்த்திவிடுகிறது. ஸ்பானிய வினைமுற்றும் இவ்வாறே அமைகிறது. ‘கொர்ரேர்’ என்பது ஓடுதலைக் குறிக்கும் வினைவடிவம். அது,

கொர்ரோ – ஓடுகிறேன்
கொர்ரெஸ் – ஓடுகிறாய்
கொர்ரே – ஓடுகிறான், ஓடுகிறாள், ஓடுகிறது
கொர்ரேமோஸ் – ஓடுகிறோம்
கொர்ரென் – ஓடுகிறார்கள்

என விகுதி பெற்று இடமும் எண்ணும் காட்டும். ‘நான்’ எனப் பொருள்தரும் ‘யோ’ என்னும் சொல்லை ஒவ்வொரு தொடரிலும் சேர்க்க வேண்டியதில்லை. அழுத்தம் வேண்டும் இடத்தில் மட்டும் அது வரும். ஆங்கில அமைப்பைப் பின்பற்றுவோர் எல்லாத் தொடர்களையும் ‘யோ’ எனத் தொடங்குவர். தமிழில் தோன்றா எழுவாயை அறிந்தவருக்கு இப்பிழை நேராது.

‘போ’ என்னும் துணைவினை

தமிழில் ‘ஓடப் போகிறேன்’ என்னும்போது, ‘ஓட’ என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘போகிறேன்’ என்பது துணைவினை. இங்குப் ‘போ’ என்பது இடப்பெயர்ச்சியைக் குறிக்கவில்லை. இனிச் செய்யவிருக்கும் செயலைக் குறிக்கிறது. நின்ற இடத்திலேயே செய்யும் பயிற்சிக்கும் ‘செய்யப் போகிறேன்’ என்றே கூறுகிறோம்.

ஸ்பானிய மக்கள் தம் திட்டங்களைச் சொல்லும் முறையும் இதுவே. ‘போய் ஆ கொர்ரேர்’ என்றால் ‘ஓடப் போகிறேன்’ என்பது பொருள். இதில் ‘போய்’ என்பது ‘போகிறேன்’ எனப் பொருள்படும் தன்மை ஒருமை வினைமுற்று. ‘ஆ’ என்பது இரு வினைகளையும் இணைக்கும் இடைச்சொல். முன்னிலைக்குப் ‘பாஸ் ஆ கொர்ரேர்’ என்றும், படர்க்கைக்குப் ‘பா ஆ கொர்ரேர்’ என்றும், பன்மைக்குப் ‘பாமோஸ்’, ‘பான்’ என்றும் முதல்வினை மட்டுமே மாறும். ஓடுதலைக் குறிக்கும் வினைவடிவம் மாறுவதில்லை. ‘ஓடப் போகிறேன், ஓடப் போகிறாய்’ என்பவற்றில் ‘ஓட’ மாறாது நிற்பதை இதனோடு ஒப்பிடலாம். எதிர்மறைக்கு முன்னே ‘நோ’ சேர்த்தல் போதும். ‘நோ போய் ஆ கொர்ரேர்’ என்றால் ‘ஓடப் போவதில்லை’ என்பது பொருள்.

ஐந்து வினைமுற்றுகளைக் கற்ற ஒருவர், தாம் அறிந்த எந்த வினையையும் அவற்றோடு சேர்த்துத் திட்டமாகச் சொல்லலாம். ‘நதார்’ என்பது நீந்துதல். ‘காமினார்’ என்பது நடத்தல். ‘சால்தார்’ என்பது குதித்தல். ‘போய் ஆ நதார்’, ‘பாமோஸ் ஆ காமினார்’ எனத் தொடர்கள் பெருகுகின்றன.

ஸ்பானியப் ‘போய்’ என்பதும் தமிழ்ப் ‘போய்’ என்பதும் ஏறத்தாழ ஒத்து ஒலிப்பது தற்செயலே. ஸ்பானியம் இலத்தீனிலிருந்து கிளைத்த மொழி. தமிழ் திராவிட மொழி. நினைவில் நிறுத்த இவ்வொற்றுமை உதவும். உறவு காட்டும் சான்றாக இதனைக் கொள்ளலாகாது. ‘போ’ என்னும் வினை எதிர்காலத்தைச் சுட்டத் துணைநிற்பது ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலும் காணப்படுகிறது. செயலை நோக்கி நகர்வதாக எதிர்காலத்தைக் காணும் மனித மனத்தின் பொதுவியல்பை இது காட்டுகிறது.

விருப்பம் முதல் உறுதி வரை

திட்டங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. விருப்பம் வேறு, கடமை வேறு, முடிவு வேறு. இவ்வேறுபாட்டைச் சொல்லில் காட்டாவிடில் கேட்போர் தவறாகப் புரிந்துகொள்வர். விரும்புவதை முடிவுபோல் கூறினால், ஒருவர் பூங்கா வாயிலில் வீணே காத்திருக்க நேரும். ஸ்பானியம் இப்படிநிலைகளைத் தெளிவாகக் காட்டுகிறது.

கியெரோ கொர்ரேர் – ஓட விரும்புகிறேன்
தெங்கோ கே கொர்ரேர் – நான் ஓட வேண்டும் (கடமை)
போய் ஆ கொர்ரேர் – ஓடப் போகிறேன்
மஞானா கொர்ரோ – நாளை ஓடுகிறேன்

இறுதித் தொடரில் எதிர்காலச் செயல் நிகழ்கால வினையால் சொல்லப்படுகிறது. இது பிழையன்று, ஐயமில்லாத உறுதியைக் காட்டும் வழக்கு. தமிழில் ‘நாளை காலை வருகிறேன்’ என்பதைக் கால வழுவமைதி என இலக்கண நூலார் அமைத்துக்கொள்வதை இங்கு நினைவுகூரலாம்.

‘ஓடுவேன்’ என்பதற்கு நேரான எதிர்கால வினைமுற்றும் ஸ்பானியத்தில் உண்டு. அது ‘கொர்ரெரே’ என்பது. இறுதி உயிர் அழுத்தம் பெறும். ஆனால் அன்றாடப் பேச்சில் திட்டங்களைச் சொல்ல மக்கள் பெரிதும் நாடுவது ‘போய் ஆ’ என்னும் அமைப்பையே. எதிர்கால வடிவத்திற்கு வேறொரு பணியும் உண்டு. ‘எஸ்தரா கொர்ரியெந்தோ’ என்றால் ‘இந்நேரம் ஓடிக்கொண்டிருப்பான்’ என்பது பொருள். கண்ணால் காணாத நிகழ்காலச் செயலை எதிர்கால வடிவத்தால் ஊகித்துரைப்பது இரு மொழிகளுக்கும் பொது.

எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது

‘மே குஸ்தா நதார்’ என்பது ‘எனக்கு நீந்தப் பிடிக்கும்’ எனப் பொருள்படும். இதில் ‘மே’ என்பது ‘எனக்கு’ என்பதற்கு நேரானது. ஆங்கில அமைப்பை மனத்தில் கொண்டோர், ‘நான்’ எனத் தொடங்கி ‘யோ குஸ்தோ’ என்று கூறித் தடுமாறுவது பலருக்கும் நேரும் பிழை. தமிழ் மாணவரோ ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் தொடங்கினால் தொடர் தானே சரியாக அமைந்துவிடும்.

பயிற்சிக்குப் பிந்தைய வலியும் பயிற்சிக்கு முந்தைய சோம்பலும் இவ்வாறே சொல்லப்படுகின்றன. ‘மே துவெலென் லாஸ் பியெர்னாஸ்’ என்றால் ‘எனக்குக் கால்கள் வலிக்கின்றன’ என்பது பொருள். ‘என் கால்கள்’ எனச் சொல்லாமல் ‘எனக்குக் கால்கள்’ எனச் சொல்லும் முறையும் இரு மொழிகளுக்கும் பொதுவானது. ‘மே தா பெரேசா’ என்பதன் நேர்பொருள் ‘எனக்குச் சோம்பல் தருகிறது’ என்பது. தமிழில் ‘எனக்குச் சோம்பலாக இருக்கிறது’ என்போம். விருப்பு, வலி, சோம்பல் ஆகியன மனிதர் செய்வன அல்ல. அவரிடத்தில் நிகழ்வன என்னும் பார்வை இரு மொழிகளின் இலக்கணத்திலும் பதிந்துள்ளது.

கிழமைகளின் பெயர்கள்

வாராந்தரத் திட்டம் வகுக்கக் கிழமைப் பெயர்கள் தேவை. ‘லூனெஸ்’ என்பது நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, தமிழில் திங்கள். ‘மார்த்தெஸ்’ செவ்வாய்க் கோளால் பெயர்பெற்றது. ‘மியெர்க்கொலெஸ்’ புதனையும், ‘ஹுவேபெஸ்’ வியாழனையும், ‘பியெர்னெஸ்’ வெள்ளியையும் குறிக்கும் பெயர்களிலிருந்து தோன்றின. கோள்களின் பெயரால் கிழமைகளைக் குறிக்கும் பண்டைய வானியல் மரபு மேற்கே உரோமுக்கும் கிழக்கே இந்தியாவுக்கும் பரவியதன் விளைவே இவ்வொற்றுமை. ஆங்கிலத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான பெயர்கள் செருமானியத் தெய்வங்களின் பெயர்களாக மாறிவிட்டமையால், ஆங்கிலம் வழியே நோக்குவோருக்கு இவ்வுறவு புலப்படுவதில்லை. ‘சாபதோ’, ‘தொமிங்கோ’ ஆகிய சனி, ஞாயிற்றுப் பெயர்கள் மட்டும் யூத, கிறித்தவ மரபுகளைச் சார்ந்து ஓய்வுநாள், ஆண்டவரின் நாள் எனப் பொருள்படுகின்றன.

‘எல் லூனெஸ்’ என்றால் குறித்த ஒரு திங்கட்கிழமை. ‘லோஸ் லூனெஸ்’ என்றால் திங்கள்தோறும். ‘ஆகோ எஹெர்சீசியோ லோஸ் லூனெஸ்’ என்பது ‘திங்கள்தோறும் உடற்பயிற்சி செய்கிறேன்’ எனப் பழக்கத்தை உணர்த்தும். ஒருநாள் திட்டம் பழக்கமாக மாறுவதை ஒரு சிறு சொல்லின் பன்மை வடிவம் காட்டிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஸ்பெயின் நாட்டில், பயிற்சி செய்த மறுநாள் தோன்றும் தசைவலியை ‘அகுஹேத்தாஸ்’ என்பர். மெக்சிகோவில் அதே சொல் காலணியின் கயிற்றைக் குறிக்கும். ஒரே மொழி பல நாடுகளில் வழங்கும்போது சொற்பொருள் வேறுபடும் என்பதற்கு இது சான்று. ஒலிப்பும் வேறுபடும். ‘எஹெர்சீசியோ’ என்பதிலுள்ள சகர ஒலியை, ஸ்பெயினின் பெரும்பகுதியில் பற்களுக்கிடையே நாநுனியை வைத்து ஒலிப்பர். இப்பாடம் அமெரிக்க நாடுகளின் ஒலிப்பைப் பின்பற்றுகிறது.

வேறுபடும் இடங்கள்

ஒற்றுமைகளைக் கண்டு மகிழ்வோர் வேறுபாடுகளையும் அறிதல் வேண்டும். தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும்; ஸ்பானியத்தில் பெரும்பாலும் முன்னரே வந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டும். ஸ்பானியத்தில் இடைச்சொற்கள் பெயருக்கு முன் நிற்கும்.

தமிழில் பால்பாகுபாடு பொருளைச் சார்ந்தது. ஸ்பானியத்தில் உயிரற்ற பொருள்களும் ஆண்பால், பெண்பால் எனப் பகுக்கப்படுகின்றன. மிதிவண்டி பெண்பால், உடற்பயிற்சிக் கூடம் ஆண்பால். ‘களைத்திருக்கிறேன்’ என்பதை ஆண் ‘எஸ்தோய் கன்சாதோ’ என்றும் பெண் ‘எஸ்தோய் கன்சாதா’ என்றும் கூறவேண்டும். தமிழில் தன்மைக்குப் பால்வேறுபாடு இல்லை. மாறாக, ‘ஓடுகிறான், ஓடுகிறாள்’ எனத் தமிழ் பகுக்கும் படர்க்கை வினையை ஸ்பானியம் ‘கொர்ரே’ என ஒன்றாகவே சொல்கிறது.

‘நாம் ஓடப் போகிறோம்’ என்பதில் கேட்பவரும் அடங்குவர். ‘நாங்கள் ஓடப் போகிறோம்’ என்பதில் அடங்கார். ‘பாமோஸ் ஆ கொர்ரேர்’ என்னும் ஸ்பானியத் தொடர் இவ்வேறுபாட்டைக் காட்டாது. அழைப்பா, அறிவிப்பா என்பதைச் சூழலால் உணரவேண்டும். ஐயம் எழின் கேட்டறிய வேண்டும்.

வரவும் செலவும் வேறுபடும் இடம் மிகவும் கருதத்தக்கது. ஒருவர் அழைத்தால் தமிழர் ‘இதோ வருகிறேன்’ என்பர். ஸ்பானிய மக்கள் ‘யா போய்’, அதாவது ‘இதோ போகிறேன்’ என்பர். பேசுபவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கிய நகர்வே அவர்களுக்கு வருதல். பிறிதோரிடம் நோக்கியது போதல். விடைபெறும்போதும் ‘போய் வருகிறேன்’ எனக் கூறிப் பழகிய தமிழர் செவிக்கு இது முதலில் வியப்பளிக்கலாம்.

மரியாதைச் சொல்லும் உண்டு. ‘தூ’ என்பது நீ. ‘உஸ்தெத்’ என்பது நீங்கள். ‘தங்கள் அருள்’ எனப் பொருள்பட்ட பழைய விளித்தொடர் சுருங்கி ‘உஸ்தெத்’ ஆயிற்று. அதனால் அது படர்க்கை வினையைக் கொள்ளும். பொகோட்டாவில் நெருங்கிய நண்பரையும் உறவினரையும் ‘உஸ்தெத்’ என அழைக்கும் வழக்கம் உண்டு.

ஓர் உரையாடல்

சனிக்கிழமை மாலையில் தோழியர் இருவர் உரையாடுவதாகக் கொண்டால், இதுவரை கண்ட அமைப்புகள் பின்வருமாறு பயன்படும்.

முதலாமவர்: கே பாஸ் ஆ அசேர் மஞானா? (நாளை என்ன செய்யப் போகிறாய்?)
இரண்டாமவர்: போய் ஆ மொன்தார் என் பிசிக்லேத்தா. (மிதிவண்டி ஓட்டப் போகிறேன்.)
முதலாமவர்: ஆ கே ஓரா? (எத்தனை மணிக்கு?)
இரண்டாமவர்: ஆ லாஸ் சியேத்தே. (ஏழு மணிக்கு.)
முதலாமவர்: புவேதோ இர் கொன்தீகோ? (உன்னுடன் வரலாமா?)
இரண்டாமவர்: கிளாரோ! நோஸ் பேமோஸ் என் எல் பார்க்கே. (கட்டாயமாக! பூங்காவில் சந்திப்போம்.)

‘உன்னுடன் வரலாமா?’ என்பது ஸ்பானியத்தில் ‘உன்னுடன் போகலாமா?’ என்றே அமைந்திருப்பதைக் காண்க. ‘சந்திப்போம்’ என்பதற்குரிய ஸ்பானியத் தொடர் நிகழ்கால வினையால் அமைந்து உறுதியை உணர்த்துகிறது.

நிறைவாக

உலக நலவாழ்வு அமைப்பு, 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. அந்த ஒருமணி நேரத்தைப் பற்றிய பேச்சையே மொழிப்பயிற்சியாகவும் கொள்ளலாம். நடக்குமுன் ‘போய் ஆ காமினார்’ என்றும், களைத்தபின் ‘எஸ்தோய் கன்சாதோ’ அல்லது ‘எஸ்தோய் கன்சாதா’ என்றும் சொல்லிப் பழகுவோர்க்குச் சொல்லும் செயலும் ஒன்றையொன்று நினைவூட்டும்.

விகுதி, வினையெச்சம், துணைவினை, நான்காம் வேற்றுமை, வழுவமைதி ஆகியன தேர்வுக்காக மட்டும் கற்கப்படும் செய்திகள் எனப் பலர் எண்ணுகின்றனர். அவை பிறமொழி ஒன்றின் வாயிலில் நிற்கும்போது கதவைத் திறக்கும் திறவுகோல்களாகின்றன. எந்தத் திறவுகோல் பொருந்தும், எது பொருந்தாது என அறிவதற்கும் தாய்மொழி இலக்கணமே அளவுகோல். ஆங்கிலமும் ஒரு வழியே. தமிழை நன்கு கற்றவருக்குத் தமிழிலிருந்தே தொடங்கும் வழியும் திறந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. விருப்பம், கடமை, முடிவு, உறுதி ஆகிய நான்கையும் காட்டும் தமிழ்த்தொடர்களை ‘நீந்து’, ‘நட’ என்னும் வினைகளைக் கொண்டு எழுதுக.
2. உங்கள் ஒரு வார உடற்பயிற்சித் திட்டத்தை ஸ்பானியக் கிழமைப் பெயர்களைப் பயன்படுத்தி அட்டவணையாக்கி வகுப்பறையில் படித்துக் காட்டுக.
3. பாடத்தில் உள்ள உரையாடலை இருவர் இணைந்து நடித்துக் காட்டுக.

வினாக்கள்

1. ‘ஓடப் போகிறேன்’ என்பதிலுள்ள துணைவினையின் பணியை விளக்குக.
2. நிகழ்கால வினை எதிர்காலத்தைக் குறிக்கும் இடத்திற்கு இரு மொழிகளிலிருந்தும் சான்று தருக.
3. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இல்லாமையால் ஸ்பானிய உரையாடலில் நேரக்கூடிய ஐயம் யாது?
4. பிறமொழிக் கல்விக்குத் தாய்மொழி இலக்கணம் துணைசெய்யும் திறத்தையும் அதன் எல்லைகளையும் சான்றுகளுடன் கட்டுரைக்க.